தாளைத் திருப்பிக் கட்டிய வீடு

பொன்னுராஜ் கட்டிய வீட்டில் சுவர் வெடிக்காது என்று வன்னியம்பட்டியிலிருந்து சேத்தூர் வரைக்கும் ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேச்சு பொய்யில்லை. முப்பது வருஷத்தில் அவர் எழுப்பிய அறுபது எழுபது வீடுகளில் ஒன்றுகூட இறங்கவில்லை, ஒழுகவில்லை. சிமெண்டில் அவர் கைவைத்தவரில்லை. கான்கிரீட் போட்ட பிறகு தண்ணீர் விடாமல் காயப்போட்டவருமில்லை. ஒரு மனிதரைப் பற்றி இவ்வளவு சொல்ல முடிந்தால் அது கொஞ்சமில்லை. ஆனால் வீடு விழாமல் நின்றால் மட்டும் போதுமா என்று அவரிடம் யாரும் கேட்டதில்லை. அவரும் தன்னிடம் கேட்டுக்கொண்டதில்லை.

வன்னியம்பட்டிதான் சொந்த ஊர். அப்பா பருத்தி போட்டுப் பார்த்து, மக்காச்சோளம் போட்டுப் பார்த்து, கடைசியில் நிலத்தைக் குத்தகைக்கு விட்டவர். பொன்னுராஜ் பதினாறு வயதில் சைக்கிள் மிதித்து ஸ்ரீவில்லிபுத்தூருக்குச் சித்தாள் வேலைக்குப் போனார். மண் சுமந்து, கலவை குழைத்து, இருபத்திரண்டில் கரண்டி பிடித்தார். நாற்பதில் சொந்தமாகக் காண்ட்ராக்ட் எடுத்தார். ஆள் உயரம் குறைவு. பேச்சு அதைவிடக் குறைவு. வீடு கட்டுகிறவர்களுக்கு அது பிடித்திருந்தது. பேசாத மனிதன் பொய் சொல்ல மாட்டான் என்று நினைத்துக்கொண்டார்கள். பொய்யையும் சுருக்கமாகச் சொல்ல முடியும் என்று அவர்களுக்குத் தோன்றவில்லை.

ராஜபாளையத்துக்கு மேற்கே, அய்யனார் கோவிலுக்குப் போகிற ரோட்டிலிருந்து பிரிந்த ஒரு மண் பாதையில் மலையடி நகர் என்று புதிதாக மனை போட்டார்கள். தெற்கு வடக்காக ஒரே தெரு. அதில் முதலில் வீடு கட்டியவர் ஆவுடையப்பன். போலீஸில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர், ஊருக்கெல்லாம் ஏட்டையா. தெருவின் மேற்கு வரிசையில் அவர் மனை. அதனால் வாசல் கிழக்கே பார்த்தது. அவர் வாஸ்து எதுவும் கேட்கவில்லை. முப்பத்தாறு வருஷம் ஸ்டேஷன் பெஞ்சில் தூங்கியவனுக்கு எந்த மூலையானால் என்ன என்று சொல்லிவிட்டு, தெருவில் போகிற வருகிறவர்களைப் படுத்தபடியே பார்க்க வேண்டும் என்று படுக்கையறையை முன்பக்கம் கேட்டார். அப்படியே வரையச் சொன்னார் பொன்னுராஜ். முன்னால் கூடம், கூடத்துக்கு ஒருபக்கம் பெரிய ஜன்னல் வைத்த படுக்கையறை, மறுபக்கம் சமையலறை. பின்னால், மேற்கே, மாடிப்படி, குளியலறை, கழிப்பறை, சாமான் போட ஒரு சின்ன அறை.

வீடு முடிந்தபோது அது நல்ல வீடாக இருந்தது. மத்தியானத்துக்கு மேல் அடிக்கிற வெயிலை மாடிப்படியும் குளியலறையும் வாங்கிக்கொண்டன. மனிதர்கள் இருக்கிற பக்கம் நிழலில் கிடந்தது. அதை யாரும் யோசித்துச் செய்யவில்லை. ஒரு போலீஸ்காரரின் வேடிக்கை பார்க்கிற ஆசை அப்படிக் கொண்டுபோய் விட்டது.

அந்த வீட்டுக்கு மேல்தளம் போட்ட மாதத்தில் எதிர் மனைக்காரர் வந்தார். சங்கிலிப்பாண்டி என்று பெயர். நூல் மில்லில் ராத்திரி ஷிப்ட் பார்க்கிறவர். மற்றவர்கள் வாரம் மாறி வாரம் பார்க்கிற ஷிப்டை இவர் நிரந்தரமாகக் கேட்டு வாங்கியிருந்தார். சம்பளத்தோடு கொஞ்சம் கூடக் கிடைக்கும், மதுரையில் நர்ஸிங் படிக்கிற மகளுக்கு ஆகும் என்று. காலை ஏழரைக்கு வந்து குளித்து, சாப்பிட்டு, ஒன்பதிலிருந்து நாலு வரை தூங்குவார். மனைவி மாரிக்கனி சேத்தூர்ப் பக்கம். அவள் அண்ணன் கிழக்குப் பார்த்த மனையாக வாங்கச் சொல்லியிருந்தார். மேற்குப் பார்த்தது விலை தணிவாக வந்ததால் சங்கிலிப்பாண்டி மச்சான் பேச்சைக் கேட்கவில்லை. எதிரே வளர்ந்துகொண்டிருந்த வீட்டைக் காட்டி, அதே மாதிரி நமக்கும் வேண்டும் என்று பொன்னுராஜிடம் சொன்னார்.

பொன்னுராஜ் ஏட்டையா வீட்டுப் பிளானை மோட்டார்சைக்கிள் சீட்டில் விரித்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு தாளை அரைச் சுற்றுச் சுற்றினார். கிழக்கே இருந்த வாசல் மேற்கே வந்தது. தாளின் ஓரத்தில் வடக்கைக் காட்டிய அம்புக்குறி இப்போது தெற்கைக் காட்டியது. அதைப் பேனாவால் அடித்துவிட்டு இன்னொரு அம்பு போட்டார். ஒரு டீ குடிக்கிற நேரத்துக்குள் வேலை முடிந்தது. கம்பி வெட்டுகிற அளவு மாறாது. அங்கே பிரித்த பலகையும் தகரமும் தெருவைத் தாண்டினால் இங்கே அப்படியே பொருந்தும்.

அதோடு இன்னொன்றும் நடந்தது. தாளைத் திருப்பியதில் படுக்கையறை தென்மேற்கில், கன்னி மூலையில் வந்து விழுந்தது. சமையலறை வடமேற்கில், வாயு மூலையில் போய் நின்றது. ஏட்டையா கேட்காத வாஸ்து இவர்கள் வீட்டுக்குத் தானாக வந்து உட்கார்ந்துகொண்டது. பொன்னுராஜ் அதைச் சொன்னதும் சங்கிலிப்பாண்டி மனைக்கு நடுவே நின்று மலையைப் பார்த்துக் கும்பிட்டார். கன்னி மூலையில் படுக்கச் சொன்ன பெரியவர்கள் அந்த மூலைக்கு இரண்டு முழச் சுவரும் கையகல ஜன்னலும் வைத்துக் கட்டியவர்கள். பொன்னுராஜ் வைக்கப்போவது ஆறங்குல ஹாலோ பிளாக் சுவரும் ஆறடி ஜன்னலும். அதை யாரும் சொல்லவில்லை. தெரிந்தவர் அவர் ஒருவர்தான்.

இரண்டு நாள் கழித்து மாரிக்கனி மட்டும் வந்தாள். அவிய பகலில் தூங்குகிற ஆளாச்சே, ரூமைப் பின்பக்கம் தள்ளி வைத்தால் தெருச் சத்தம் கேட்காதே என்று கேட்டாள். அவள் வெயிலை நினைத்துக் கேட்கவில்லை, சத்தத்தைத்தான் நினைத்தாள்.

"பிளான் ஆபீசுக்குப் போயிட்டும்மா. இனி மாத்த ஏலாது" என்றார் பொன்னுராஜ். ஆடி மாசம் மலைக்காற்று நேராக ரூமுக்குள் வரும் என்றும் சேர்த்துக்கொண்டார்.

அனுமதிக்கென்று பிளான் இன்னும் எங்கேயும் போகவில்லை. அவருடைய வண்டிப் பெட்டிக்குள் சாப்பாட்டுத் தூக்குக்கு அடியில் மடித்துக் கிடந்தது. படுக்கையறையைப் பின்னால் கொண்டுபோனால் கழிப்பறை தெருவுக்கு வரும், ஊர் சிரிக்கும் என்று ஒரு காரணத்தைப் பிற்பாடு அவர் தனக்குச் சொல்லிக்கொண்டார். மாடிப்படியை முன்னால் கொண்டுவந்து கழிப்பறையை நடுவில் வைத்திருக்கலாம் என்பதும் அவருக்குத் தெரியும். உண்மையான காரணம் மிகச் சின்னது. உட்கார்ந்து புதிதாக யோசிக்க வேண்டும். அன்றைக்கு அவருக்கு அதில் மனமில்லை.

கூலியில் ஓர் ஆளாவது மிச்சமாகட்டும் என்று மாரிக்கனியே தன் வீட்டுக்குச் சித்தாளாக நின்றாள். தை மாதம் பால் காய்ச்சினார்கள். தை மாதத்தில் எந்த வீடும் நல்ல வீடுதான். பொன்னுராஜுக்கு வேட்டியும் துண்டும் வைத்துக் கொடுத்தார்கள்.

அதற்குப் பிறகு இரண்டு கோடை போனது. இடையில் ஒரு குழாய், ஒரு கதவுத் தாழ்ப்பாள் என்று நாலைந்து தடவை அவரைக் கூப்பிட்டார்கள். ஒவ்வொரு தடவையும் பத்து மணிக்கு முன்னால் போய்விட்டு வந்தார். ஏன் காலையிலேயே போகிறோம் என்று அவர் யோசித்ததில்லை. அல்லது யோசிக்காமல் பார்த்துக்கொண்டார். போகும்போதெல்லாம் சங்கிலிப்பாண்டி வாசலில் நின்று ஒரே பாட்டைப் பாடுவார். மேற்குப் பார்த்த மனை, நான் பார்த்து வாங்கியது, மச்சான் அப்பவே சொன்னாக, எனக்குத்தான் புத்தியில்லை. பொன்னுராஜ் தலையை ஆட்டுவார். தலையாட்டலுக்கு இன்னதுதான் அர்த்தம் என்று கிடையாது. அதுதான் அதில் உள்ள வசதி.

இந்தச் சித்திரையில் சங்கிலிப்பாண்டி போன் பண்ணினார். வீட்டைக் கொடுத்துவிடலாம் என்று முடிவு பண்ணியிருக்கிறோம், ஸ்ரீவில்லிபுத்தூரில் வாடகைக்குப் பார்த்துக்கொள்கிறோம், உங்களுக்கு நாலு பேரைத் தெரியும், ஆள் இருந்தால் கூட்டி வாருங்கள் என்றார். கடைசியில் கொஞ்சம் தயங்கி, "காலையில கூட்டிட்டு வாங்கண்ணாச்சி. காலையில நல்லா இருக்கும்" என்றார்.

போனை வைத்த பிறகும் அந்தக் கடைசி வார்த்தை பொன்னுராஜின் காதில் நின்றது. தான் இரண்டு வருஷமாகச் செய்துவந்ததை இன்னொருவர் வாயால் கேட்ட மாதிரி இருந்தது.

மறுநாள் மாரிக்கனி போன் பண்ணினாள். அவளுக்கு வீட்டைக் கொடுக்க மனசில்லை. அந்த ரூம் ஜன்னலைச் செங்கல் வைத்து அடைத்துப் பார்க்கலாம், சூடு தணிந்தால் அவிய மனசு மாறும் என்றாள். பொன்னுராஜ் காலையில் வருவதாகச் சொன்னார். வேண்டாம், மூன்றரை மணிக்கு வாருங்கள் என்றாள்.

மூன்றரைக்குப் போனார். தெருவில் புதிதாகப் போட்டிருந்த தார் மினுமினுத்தது. வாசல் கதவைத் தள்ளியபோது இரும்புத் தாழ்ப்பாள் கையைச் சுட்டது. படுக்கையறை ஜன்னலுக்கு உள்ளே இரண்டு சாக்கை நனைத்துக் கட்டியிருந்தாள். சாக்கு காய்ந்து மொடமொடவென்று இருந்தது. மின்விசிறி சுற்றியது, அடுப்பை ஊதுகிற மாதிரிக் காற்று வந்தது. கட்டில் மெத்தையைச் சுருட்டி மூலையில் நிறுத்தியிருந்தார்கள். பொன்னுராஜ் மேற்குச் சுவரின் உள்பக்கத்தில் உள்ளங்கையை வைத்தார். காய்ச்சல்காரன் நெற்றியைத் தொட்டது போல் இருந்தது. கையை எடுத்து வேட்டியில் துடைத்தார், ஏதோ ஒட்டிக்கொண்ட மாதிரி.

சங்கிலிப்பாண்டி எங்கே என்று கேட்டார். மாரிக்கனி பின்பக்கம் போனாள். அவர் கூடவே போனார்.

வீட்டின் பின்பக்கம் குளுமையாக இருந்தது. கழிப்பறைக்கும் குளியலறைக்கும் முன்னால் மூன்றடி அகல நடை. அதில் பாயை விரித்து, தலைமாட்டில் கழிப்பறைக் கதவு இருக்க, காலை மடக்கிக்கொண்டு தூங்கினார் சங்கிலிப்பாண்டி. வாய் திறந்திருந்தது. ஒரு கை குளியலறை வாசற்படியின் ஈரத்தில் கிடந்தது. ஒரு மணி வரை கட்டிலில் கிடப்பார், அதற்கு மேல் தாங்காது, பாயைச் சுருட்டிக்கொண்டு இங்கே வந்துவிடுவார் என்று மாரிக்கனி தணிந்த குரலில் சொன்னாள். போன மாதம் அவள் அண்ணன் வந்தபோது இதைப் பார்த்துவிட்டார். புது வீடு கட்டி மாப்பிள்ளையைக் கக்கூஸுக்குக் காவல் போட்டிருக்கியேட்டி என்று சிரித்தாராம். அன்றைக்கு இவர் சாப்பிடாமல் வேலைக்குப் போனாராம். அதற்குப் பிறகுதான் வீட்டைக் கொடுக்கிற பேச்சு.

பொன்னுராஜ் அங்கே அதிக நேரம் நிற்கவில்லை. தூங்குகிறவனை நின்று பார்ப்பது தப்பு என்று மட்டும் அல்ல. அந்த வீட்டில் மனிதன் தூங்கத் தகுந்த இடம் எது என்பதை அந்தப் பாய் சொல்லிக்கொண்டிருந்தது. அவர் அதைக் கழிப்பறைக்குக் கொடுத்திருந்தார்.

முன்னறைக்கு வந்து ஜன்னலை அளந்தார். மேற்கே பார்த்த வீடு என்றால் இப்படித்தான் இருக்கும் என்று பொதுவாகச் சொன்னார்.

"அவியளும் அதைத்தான் சொல்லுதாக" என்றாள் மாரிக்கனி. சாக்கை அவிழ்த்து மடித்துக்கொண்டே பேசினாள். "நம்ம வீட்டு வேலைக்கு நான்தான சித்தாளா நின்னேன், அண்ணாச்சி. மத்தியானச் சோத்துக்குப் பொறவு நீங்க ஒரு நாளும் இந்தச் சுவத்துக்குக் கலவை கேக்கலையே. பின்பக்கந்தான் கொண்டாரச் சொல்லுவீக. அது எதுக்குன்னு எனக்கு அப்பத் தெரியல."

குத்திக்காட்டுகிற குரல் இல்லை. தேடிக்கொண்டிருந்த சாமான் ஒன்று கிடைத்தது போல் சொன்னாள். சொல்லிவிட்டுச் சாக்கை நனைக்கப் போய்விட்டாள்.

கொத்தனார் எல்லாரும் செய்வதுதான். காலையில் மேற்குச் சுவர், மத்தியானத்துக்கு மேல் கிழக்குச் சுவர். வெயிலுக்கு முதுகைக் காட்டாமல் நிழலோடு நகர்ந்து வேலை பார்ப்பது. யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை, உடம்பு தானாகக் கற்றுக்கொள்ளும். பொன்னுராஜின் உடம்புக்கு எந்தச் சுவர் எந்த மணிக்கு எரியும் என்று முப்பது வருஷமாகத் தெரியும். அதில் ஒன்றரை மணி நேரம் நிற்க அவர் சம்மதிக்கவில்லை. வருஷக்கணக்கில் ஒருவனைப் படுக்கச் சொன்னார்.

தெரியாமல் செய்த தப்புக்கு வருத்தப்படலாம். தெரிந்த ஒன்றை நினைவுக்கு வரவிடாமல் வைத்திருந்ததற்கு என்ன படுவது என்று அவருக்கு விளங்கவில்லை. கல் கொண்டுவருகிறேன் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தார்.

எதிர்வீட்டு வாசலில் ஏட்டையா நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். தெருவின் பாதிவரை அவர் வீட்டு நிழல் நீண்டு கிடந்தது. "மேஸ்திரி, இங்க வாரும்" என்று கூப்பிட்டார். போகாமல் தப்ப முடியவில்லை. டீ வந்தது. ஏட்டையா அன்றைக்குப் புகழுகிற மனநிலையில் இருந்தார்.

"நீரு வெயிலக் கணக்குப் பண்ணிக் கட்டுன ஆளுய்யா. நாலு மணிக்கு இந்த எடத்துல உக்காந்தா எனக்கு மலேசியா வேண்டாம், சிங்கப்பூர் வேண்டாம். எதுத்தாப்புல பாரும், பழைய சாக்குக் கடை மாதிரி. பாவம், அவன் வாங்குன வரம் அப்படி."

பொன்னுராஜ் டீயைச் சூடாகவே குடித்து முடித்தார். அவர் வாழ்க்கையில் திட்டு வாங்கியதுண்டு. ஒரு தடவை ஸ்ரீவில்லிபுத்தூரில் வீட்டுக்காரர் ஒருவர் தெருவில் வைத்துச் சட்டையைப் பிடித்ததும் உண்டு. அப்போதெல்லாம் இவ்வளவு கூசியதில்லை. செய்யாத நல்லதுக்கு இந்தப் பக்கம் பாராட்டு. செய்த கெட்டதுக்கு அந்தப் பக்கம் வேறொருவன் தலையில் பழி. இரண்டும் ஒரே தாளிலிருந்து வந்தவை.

வன்னியம்பட்டிக்கு வண்டியில் திரும்பும்போது அவருக்குத் தன் வீடு ஞாபகம் வந்தது. அதைக் கட்டுவதற்கு முன் ஒருநாள் முழுக்க வேலைக்குப் போகாமல் மனையிலேயே கிடந்தார். எட்டு மணிக்கு நிழல் எங்கே, பன்னிரண்டுக்கு எங்கே, நாலு மணிக்கு எங்கே என்று சுண்ணாம்பால் கோடு போட்டார். பார்த்தவர்கள் பைத்தியம் என்றார்கள். அன்றைக்கு அவரே அதைப் பெருமையாக நினைத்தார். இப்போது அதே கோடுகள் அவருக்கு எதிரான சாட்சி மாதிரி இருந்தன. அவருக்குத் தெரியும். தன் வீடு என்றால் தெரியும். அடுத்தவன் வீடு என்றால் தெரியாது.

வீட்டில் மனைவி ஈஸ்வரி முகத்தைப் பார்த்துவிட்டு, ஒத்த ஜன்னலை அடைக்கப் போனதற்கா இப்படி, ஊர்ச்சுவரெல்லாம் உங்க மேலயா விழுந்திருச்சு என்றாள். தலைவலி என்றார். அவள் நம்பவில்லை; ஆனால் கேட்கவும் இல்லை. இருபத்தெட்டு வருஷத்தில் அவள் கற்றுக்கொண்டது அது.

மறுநாள் பாண்டிதுரை என்பவர் தேடி வந்தார். சேத்தூர்க்காரர், ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றவர். ராஜபாளையத்தில் மகனுக்குக் கட்டின வீடாக ஒன்று வேண்டும், மலைப்பக்கம் என்றால் நல்லது என்றார். பொன்னுராஜ் தேடாமலே ஆள் வந்து நின்றது. இந்தப் பேச்சு முடிந்தால் எல்லாம் முடிந்துவிடும். சங்கிலிப்பாண்டி ஸ்ரீவில்லிபுத்தூர் போய்விடுவார். புது ஆள் ஏ.சி. வைத்துக்கொள்வார். தாளைத் திருப்பிய விஷயம் வண்டிப் பெட்டிக்கு வெளியே வராது. சனிக்கிழமை காலை ஒன்பது மணி என்று பொன்னுராஜ் சொன்னார். சொல்லும்போதே தன் குரல் தனக்குப் பிடிக்கவில்லை.

சனிக்கிழமை காலை வீடு பெருக்கித் துடைத்திருந்தது. ஜன்னலில் சாக்கு இல்லை. கட்டிலில் மெத்தை விரித்திருந்தது. மலை பச்சையாக ஜன்னலுக்குள் நின்றது. பாண்டிதுரை போனை எடுத்து அதிலிருந்த திசைகாட்டியைப் பார்த்தார். ஜன்னல் கம்பிக்குப் பக்கத்தில் முள் ஆடியது. நாலடி தள்ளி நின்று மறுபடி பார்த்தார்.

"கன்னி மூலை கரெக்டா இருக்கே" என்றார். சுவரைத் தட்டினார். "குளுகுளுன்னு இருக்கு. ஏன் குடுக்கீக?"

சங்கிலிப்பாண்டி ஷிப்ட் முடிந்து வந்து, வீட்டை ஒதுங்கவைத்ததில் குளிக்கக்கூட இல்லை. தலைமுடியில் பஞ்சு ஒட்டியிருந்தது. அவருக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை. உண்மையைச் சொல்லவும் முடியவில்லை. கண்ணைத் தரையில் வைத்துக்கொண்டு, மேற்குப் பார்த்த மனை தனக்கு ராசியில்லை, தானே பார்த்து வாங்கியது, வேறு யாரையும் சொல்லிக் குற்றமில்லை என்றார். மேஸ்திரி அண்ணாச்சி நல்லாத்தான் கட்டிக்கொடுத்தார் என்று அவராகவே ஒன்றைச் சேர்த்தார்.

அங்கே தலையாட்டினால் போதும். பொன்னுராஜின் தலை ஆடவில்லை.

"மனை மேல குத்தமில்ல" என்றார். குரல் வழக்கத்தைவிடத் தணிந்துதான் வந்தது. "ஏட்டையா வீட்டுப் பிளானைத் திருப்பிப் போட்டு இதைக் கட்டுனேன். அங்க கக்கூஸு வாங்குற வெயில இங்க படுக்குற ரூமு வாங்குது. இந்தம்மா அப்பவே ரூமைப் பின்னால கேட்டாக. பிளான் ஆபீசுக்குப் போயிட்டு, இனி மாத்த ஏலாதுன்னேன். போகல. என் வண்டியிலதான் கெடந்துச்சு."

பாண்டிதுரை போனைச் சட்டைப்பையில் போட்டார். "மூணு மணிக்கு வந்திருந்தா தெரிஞ்சிருக்கும், என்ன?"

"தெரிஞ்சிருக்கும்."

"வீடு விக்கக் கூட்டியாந்துட்டு வீட்டு மேல புகார் குடுக்கிற ஆள இப்பத்தான்யா பாக்கேன்" என்றார். கோபமா சிரிப்பா என்று சொல்ல முடியாத குரல். மாரிக்கனியைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போனார்.

சங்கிலிப்பாண்டி பொன்னுராஜைப் பார்க்கவில்லை. மனைவியைப் பார்த்தார்.

"அப்ப மனை சரிதானா?"

"சரிதான்" என்றாள் மாரிக்கனி.

"உங்க அண்ணங்கிட்ட..."

"நான் சொல்லிக்கிடுதேன்."

சங்கிலிப்பாண்டி கட்டிலில் உட்கார்ந்தார். இரண்டு கையாலும் முகத்தை அழுத்தித் தேய்த்தார். பக்கத்தில் மாரிக்கனி உட்கார்ந்தாள். அவர் தலைமுடியிலிருந்து பஞ்சை ஒவ்வொன்றாக எடுத்தாள். மூன்றாவது ஆள் ஒருவர் அறையில் நிற்பது இரண்டு பேருக்கும் மறந்துபோனது. பொன்னுராஜுக்கு வெளியே போகவும் தெரியவில்லை, நிற்கவும் தெரியவில்லை. மன்னிப்புக் கேட்கலாம் என்று நினைத்தார். கேட்டால் அவர்கள் ஏதாவது பதில் சொல்ல வேண்டியிருக்கும். அந்தச் சுமையையும் அவர்கள் மேல் வைக்க வேண்டாம் என்று பட்டது.

சங்கிலிப்பாண்டி நிமிர்ந்தார்.

"வெயிலு கெடக்கட்டும், அண்ணாச்சி. வெயிலத் தாங்கிக்கிடலாம். ரெண்டு வருசமா என் வாயாலயே என்னைத் திட்டிக்கிட்டேன். நீங்க நின்னு கேட்டுக்கிட்டுல்லா இருந்தீக."

பொன்னுராஜால் தெரியாது என்று சொல்ல முடியாது. மறந்துவிட்டேன் என்றும் சொல்ல முடியாது. அவர் சொல்லக்கூடியது வேலையைப் பற்றி மட்டும்தான். அதைச் சொன்னார். ஜன்னலை அடைத்துப் பிரயோசனமில்லை, சுவரே கொதிக்கிறது. பின்பக்கச் சாமான் அறைக்கும் நடைக்கும் நடுவில் இருக்கிற சுவரை உடைத்து இரண்டையும் ஒன்றாக்கலாம். கிழக்கே ஒரு ஜன்னல் திறக்கலாம். கழிப்பறைக் கதவைத் திருப்பிப் படிக்கட்டுப் பக்கம் வைக்கலாம். ஒரு கட்டில் போடுகிற அளவுக்கு அறை கிடைக்கும். முன்னறையைச் சாமானுக்கு வைத்துக்கொள்ளலாம். சாமானுக்கு வெயில் படலாம்.

"எம்புட்டு நாளாகும்?" என்று மாரிக்கனி கேட்டாள்.

"நாலு நாள். நாளைக்கே வாரேன்."

"நாளைக்கு வேண்டாம். சுத்தியல் சத்தத்துல அவிய எப்படித் தூங்குவாக? நாலு மணிக்கு முழிப்பாக. அதுக்குப் பொறவு வாங்க, மேஸ்திரி."

அதுவரை அவரை அவள் மேஸ்திரி என்று கூப்பிட்டதில்லை. தெருவில் இறங்கி வண்டியை எடுத்த பிறகுதான் அது அவருக்கு உறைத்தது.

தினமும் நாலு மணிக்கு மேல் இருட்டுகிறவரை என்றதால் நாலு நாள் வேலை பதினோரு நாள் இழுத்தது. கையாள் இல்லாமல் அவரே உடைத்தார், அவரே அள்ளினார். கூலி பேசவில்லை, அவர்களும் கேட்கவில்லை. டீ மட்டும் தவறாமல் வந்தது. சங்கிலிப்பாண்டி அவரிடம் கரண்டியை எடுத்துக் கொடுப்பார், தண்ணீர் வாளியை நகர்த்தி வைப்பார், ஆனால் பேசமாட்டார். ஊரில் விஷயம் பரவிவிட்டது. ஸ்ரீவில்லிபுத்தூரில் பேசி வைத்திருந்த ஒருவர் வேறு காண்ட்ராக்டரைப் பார்த்துக்கொண்டார். ஈஸ்வரிக்கும் யாரோ சொல்லியிருக்க வேண்டும். ஒருநாள் சோறு போடும்போது, இன்னும் எத்தனை வீடு இப்படி என்று கேட்டாள். அவர் எண்ணிப் பார்த்தார். எண்ணிக்கையை அவளிடம் சொல்லவில்லை.

பதினோராவது நாள் ஜன்னலுக்குக் கதவு மாட்டுவது மட்டும் பாக்கி. முந்தின நாளே கட்டிலைப் பின்னறைக்கு மாற்றிவிட்டார்கள். பொன்னுராஜ் நாலு மணிக்குப் போய் வண்டியை நிறுத்தினார். மாரிக்கனி கதவைப் பாதி திறந்து உதட்டில் விரலை வைத்தாள். இன்னும் முழிக்கவில்லை என்று சைகையில் சொல்லிவிட்டுக் கதவை மெதுவாகச் சாத்திக்கொண்டாள்.

அவர் வாசற்படியில் உட்கார்ந்தார். படி சுட்டது. மேற்கே மலைக்கு மேல் இன்னும் நல்ல உயரத்தில் நின்றது சூரியன். தெருவுக்கு அந்தப் பக்கம் நிழலில் இருந்து ஏட்டையா கையை ஆட்டினார்.

"ஏன்யா வெயில்ல உக்காந்திருக்கீரு? இந்தப் பக்கம் வாரும்."

"இருக்கட்டும், ஏட்டையா" என்றார் பொன்னுராஜ், உள்ளே கேட்காத குரலில்.

நாலரை ஆனது. ஐந்து ஆனது. கதவு திறக்கவில்லை.